வேலை போன வருடத்தில் கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திரும்ப வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வருடத்தின் நடுவில் வேலை போனவர்களில் பலர் அந்த வருடம் ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, போடுவதையே விட்டுவிடுகிறார்கள். சம்பளமே நின்றுபோச்சு, எதற்கு வரி, எதற்கு ரிட்டர்ன் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் எந்த வருடம் விட்டாலும் இந்த வருடம் மட்டும் விடக்கூடாது. வேலையில் இருந்த மாதங்களில் உங்கள் சம்பளத்திலிருந்து தேவைக்கு மேல் வரி பிடித்திருப்பார்கள், பல பேருக்கு அது ஒரு மாத வாடகை, இரண்டு மாத ஈ.எம்.ஐ அளவுக்குப் பெரிய தொகை. நீங்கள் கேட்காமல் அது திரும்பி வராது.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் சம்பளம் வாங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் வேலை இழந்தவர்களுக்கு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன, ஆனால் 2025-26 வருமானத்துக்கு 1961 சட்டம்தான் பொருந்தும். அதனால் கீழே உள்ள எண்கள் பழைய சட்டத்தின் எண்கள்.

ஏன் கூடுதலாகப் பிடித்தார்கள்?

நிறுவனம் உங்களிடம் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, பிடிக்கும்போது ஒரு கணக்குப் போடுகிறது: இவர் பன்னிரண்டு மாதமும் இங்கேயே வேலை பார்ப்பார், வருடத்துக்கு இவ்வளவு சம்பளம் வரும், அதற்கு இவ்வளவு வரி, அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் பிடி. ஏழாவது மாதம் வேலை போய்விட்டால் அந்த அனுமானமே பொய்யாகிவிடுகிறது, ஆனால் பிடித்த பணம் ஏற்கெனவே அரசுக்குக் கட்டப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மாதம் 1,50,000 ரூபாய் சம்பளம். வருடத்துக்கு 18 லட்சம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 17,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20 சதவீதம். கூட்டினால் 1,45,000, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 1,50,800. மாதத்துக்கு ஏறத்தாழ 12,567 ரூபாய் பிடிப்பார்கள். இவருக்கு அக்டோபர் கடைசியில் வேலை போகிறது என்று வையுங்கள். ஏழு மாதத்தில் பிடித்தது சுமார் 87,970 ரூபாய்.

இப்போது உண்மையான வருமானம் என்ன? ஏழு மாதச் சம்பளம் 10,50,000, கழிவு போக 9,75,000. 2025-26ல் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்ஜியம். அதாவது பிடித்த 87,970 ரூபாயும் அவருடைய பணம். முழுசாகத் திரும்ப வரவேண்டும்.

சம்பளம் இன்னும் அதிகமாக இருந்தால் முழுத்தொகை வராது, ஆனால் வருவது இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். மாதம் 3 லட்சம் வாங்கியவருக்கு ஆகஸ்ட் முடிவில் வேலை போனால், ஐந்து மாதத்தில் 2,76,250 பிடித்திருப்பார்கள், அவர் உண்மையில் கட்டவேண்டியது 97,500 மட்டுமே. மீதி 1,78,750 ரீஃபண்ட்.

ஒரு எச்சரிக்கை. வேலை இல்லாத காலத்தில் செலவுக்காகப் பங்குகளையோ மியூச்சுவல் ஃபண்டையோ விற்றிருப்பீர்கள். அந்த லாபத்துக்குத் தனி விகிதம் இருந்தால் (ஒரு வருடத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம்) அதன் மேலான வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடைக்காது. சம்பளத்துக்கு வரி பூஜ்ஜியம் ஆனாலும் அந்த லாபத்துக்கான வரியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள்.

வேலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

இன்னும் ஃபைனல் செட்டில்மென்ட் முடியவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சம்பளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: என் கடைசி வேலை நாள் இது, அதுவரையான வருமானத்தை வைத்து வரியைத் திரும்பக் கணக்கிட்டு, கடைசிப் பட்டுவாடாவில் அதற்கேற்ப டிடிஎஸ் பிடியுங்கள். அதே வருடத்துக்குள் கூடக் குறைய பிடித்ததைப் பின்வரும் பட்டுவாடாவில் சரிசெய்ய நிறுவனத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏற்கெனவே அரசுக்குக் கட்டியதை அவர்கள் திருப்பித் தரமாட்டார்கள், ஆனால் நோட்டீஸ் சம்பளம், விடுப்புப் பணம் எல்லாம் சேர்ந்து பெரிய தொகையாக வரும் அந்தக் கடைசி மாதத்தில் வரியே பிடிக்காமல் விட முடியும். கையில் காசு தேவைப்படும் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

கடைசி நாளுக்கு முன் எல்லா மாதத்துப் பே ஸ்லிப்பையும் தரவிறக்கிச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அலுவலக லாகின் போன பிறகு எச்.ஆரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். செட்டில்மென்ட் கணக்கு விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், மிக முக்கியமாக, வேலைநீக்கக் கடிதம். ஆட்குறைப்பு என்று அனுப்பும் பல நிறுவனங்கள் நீங்களாகவே ராஜினாமா செய்ததுபோல் கடிதம் கொடுக்கச் சொல்வார்கள். மேற்கொண்டு வேலை தேட அது வசதி என்று நாமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வரி விஷயத்தில் அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு நஷ்டம் தரும் என்பதை பி.எஃப் பகுதியில் சொல்கிறேன்.

கடைசியாக வந்த பணத்தில் எதற்கு வரி, எதற்கு இல்லை

ரீஃபண்ட் தொகை சரியாக வரவேண்டுமென்றால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், பெரும்பாலானோர் பணத்தை விடுவது இங்கேதான்.

நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகக் கொடுத்த சம்பளம், நல்லெண்ணத் தொகை, செவரன்ஸ் என்று எந்தப் பெயரில் கொடுத்திருந்தாலும் பொதுவாக அது சம்பளம்போலத்தான், முழுக்க வரி உண்டு. இதையும் சேர்த்துத்தான் 12 லட்சத்துக்குள் இருக்கிறீர்களா என்று பார்க்கவேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டால் பயப்பட வேண்டாம், வருமானம் 12,10,000 என்றால் செஸ்ஸுக்கு முந்தைய வரி 10,000க்கு மேல் போகாதபடி விளிம்பு நிவாரணம் இருக்கிறது.

சேர்த்துவைத்த விடுப்புக்கு வேலையை விட்டுப் போகும்போது கிடைத்த பணத்துக்கு, தனியார் ஊழியராக இருந்தால், வாழ்நாள் மொத்தத்தில் 25 லட்சம் வரை விலக்கு உண்டு. பத்து மாதச் சராசரிச் சம்பளம், சேவை செய்த வருடத்துக்கு அதிகபட்சம் 30 நாள் என்ற கணக்கில் மீதமிருக்கும் விடுப்பின் மதிப்பு, உண்மையில் வாங்கிய தொகை, இந்த உச்சவரம்பு ஆகிய நான்கில் எது குறைவோ அதுதான் விலக்கு. சராசரிச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான், மொத்தச் சம்பளம் இல்லை. கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை விலக்கு. இரண்டும் புதிய வரி முறையிலும் உண்டு. சில நிறுவனங்கள் விடுப்புப் பணத்துக்கு இந்த விலக்கைக் கொடுக்காமல் முழுத்தொகைக்கும் வரி பிடித்துவிடுகின்றன. நிறுவனம் தரும் சம்பள, டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16ன் பகுதி பி-யில் 10வது பிரிவு விலக்குகள் என்ற இடத்தில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிட்டர்னில் நீங்களே போட்டுக்கொள்ளலாம், கணக்கைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 10(10பி) பிரிவில் 5 லட்சம் வரை விலக்கு இருக்கிறது, ஆனால் அது சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்குப் பொருந்தாது. ஐ.டி. துறையில் இருப்பவர்கள் இதைத் தாங்களாகவே போட்டுக்கொள்ளாமல் ஒரு ஆடிட்டரிடம் பணிக்கடிதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

பி.எஃப் எடுத்திருந்தால்

ஐந்து வருடம் தொடர்ச்சியாகச் சேவை முடிக்காமல் பி.எஃப் பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு, 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 192ஏ பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் தொழிலைச் சுருக்கியதாலோ மூடியதாலோ, ஊழியரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால், ஐந்து வருடம் முடியாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. ஆட்குறைப்பில் போனவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள் என்றாலும் ரிட்டர்னில் பி.எஃப் தொகையை விலக்கு பெற்ற வருமானமாகக் காட்டி, பிடித்த 10 சதவீதத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஆனால் நாளைக்கு அதிகாரி கேட்டால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்கள் கடிதத்தில் ராஜினாமா என்று இருந்தால் எப்படி நிரூபிப்பீர்கள்? அதனால்தான் கடிதத்தில் காரணம் தெளிவாக இருக்கட்டும் என்கிறேன். கடிதம் ஏற்கெனவே ராஜினாமா என்று போய்விட்டால், ஆட்குறைப்பு பற்றி நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்கள், செட்டில்மென்டில் செவரன்ஸ் என்று போட்ட குறிப்பு, இவற்றையாவது பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, முந்தைய நிறுவனத்தின் பி.எஃப் கணக்கை இதற்கு மாற்றியிருந்தால் அந்த வருடங்களும் ஐந்தில் சேரும்.

ரிட்டர்ன் போடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியது

ஏப்ரலிலேயே அவசரப்பட்டுப் போட வேண்டாம். கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் விவரத்தை நிறுவனங்கள் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம், படிவம் 16 கொடுக்க ஜூன் 15 வரை. அக்டோபரில் வெளியே வந்தவருக்கும் அந்தக் கடைசிக் காலாண்டு விவரத்தில்தான் முழு வருடச் சம்பளக் கணக்கு போகும். அதனால் ஜூன் மூன்றாம் வாரத்தில் உட்காருங்கள்.

வருமான வரித்துறை இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போய், இ-ஃபைல் பகுதியில் படிவம் 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியின் பட்டியல்) பார்க்கும் இடத்தைத் திறந்தால் டிரேசஸ் என்ற, டிடிஎஸ் விவரங்களுக்கான வரித்துறைத் தளத்துக்குக் கொண்டுபோகும். அங்கே உங்கள் பழைய நிறுவனத்தின் பெயருக்குக் கீழே மாதாமாதம் பிடித்த தொகை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தொகையையும் பே ஸ்லிப்புடன் ஒப்பிடுங்கள். நிலை என்ற கட்டத்தில் எஃப் என்ற எழுத்து இருந்தால் பணம் அரசுக்குப் போய்ச்சேர்ந்து கணக்கு பொருந்திவிட்டது. யு என்று இருந்தால் பொருந்தவில்லை. ஏழு மாதம் பிடித்தும் நான்கு மாதம்தான் தெரிகிறது என்றால் நிறுவனம் மீதியைக் கட்டவில்லை, அல்லது தவறான பான் எண்ணில் போட்டுவிட்டது. உடனே எழுத்தில் கேளுங்கள்.

தள்ளாடும் நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கிறது, உங்களிடம் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டுவிடுவார்கள். இதில் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது: பிடித்த வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்கக்கூடாது என்று 205வது பிரிவு சொல்கிறது, 2015லும் 2016லும் மத்திய நேரடி வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு இதை நினைவூட்டியிருக்கிறது. ஆனால் கட்டாத பணத்தை ரீஃபண்டாகத் தானியங்கி முறையில் கொடுத்துவிட மாட்டார்கள். பே ஸ்லிப், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை வைத்துக்கொண்டு புகார், மேல்முறையீடு என்று போராட வேண்டியிருக்கும்.

நிறுவனம் படிவம் 16 தரவே இல்லை என்றால்? அது இல்லாமலும் ரிட்டர்ன் போடலாம். பே ஸ்லிப், செட்டில்மென்ட் கணக்கு, 26ஏஎஸ் மூன்றும் போதும்.

வங்கி வட்டியை மறக்காதீர்கள். செட்டில்மென்ட் பணத்தை எஃப்.டியில் போட்டிருந்தால் அந்த வட்டியும் சேவிங்ஸ் கணக்கு வட்டியும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில், அதாவது ஏஐஎஸ்ஸில், ஏற்கெனவே இருக்கும். நீங்கள் காட்டாமல் விட்டால் அதுவே ரீஃபண்டை நிறுத்திவைக்கக் காரணமாகிவிடும்.

ரிட்டர்ன் போடுதல்

மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள், சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். பங்கை ஒரு வருடத்துக்குள் விற்ற லாபம் இருந்தால் ஐடிஆர்-2. வேலை இல்லாத மாதங்களில் ஃப்ரீலான்ஸ் வேலை செய்திருந்தால் அது தொழில் வருமானம், ஐடிஆர்-3 அல்லது 4, வேலை கொடுத்தவர்கள் பிடித்த 10 சதவீத டிடிஎஸ்ஸும் இதே ரிட்டர்னில் திரும்பக் கேட்கவேண்டியதுதான்.

இ-ஃபைல் போய், மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். இங்கே நிறையப் பேர் 2025-26 என்று போட்டுத் தடுமாறுகிறார்கள், மதிப்பீட்டு ஆண்டு என்பது வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. அடுத்து, புதிய வரி முறையிலிருந்து வெளியேற விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். புதிய முறையே வேண்டும் என்றால் இல்லை என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டால் பழைய முறையில் கணக்குப் போட்டு 87ஏ தள்ளுபடியே போய்விடும், ஏனென்றால் பழைய முறையில் அது 5 லட்சம் வருமானம் வரைதான். வீட்டுக்கடன் வட்டி, வீட்டு வாடகைப்படி, 80சி பிரிவின் சேமிப்புக் கழிவு எல்லாம் பெரிதாக இருந்து வருமானமும் 12 லட்சத்தைத் தாண்டியிருந்தால் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். பழைய முறை வேண்டுமென்றால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

சம்பள விவரம் பெரும்பாலும் நிரப்பியே வரும். அதை அப்படியே நம்பாமல் விலக்குகளைச் சேருங்கள். அதே வருடம் இரண்டாவது வேலை கிடைத்திருந்தால் இரண்டு நிறுவனச் சம்பளமும் வரவேண்டும், ஆனால் நிலையான கழிவு 75,000 ஒரே ஒரு முறைதான். இரண்டு இடத்திலும் அதைக் கழித்திருப்பார்கள், அப்போது ரீஃபண்டுக்குப் பதில் கட்டவேண்டியதாகிவிடும். புதிய நிறுவனத்தில் சேர்ந்தவுடன் பழைய சம்பளத்தையும் டிடிஎஸ்ஸையும் படிவம் 12பி-யில் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, கூடுதலாகப் பிடித்ததையும் அவர்களே வரும் மாதங்களில் சரிசெய்துவிடுவார்கள்.

கடைசித் திரையில் ரீஃபண்ட் தொகை தெரியும். நீங்கள் தாளில் போட்ட கணக்கும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். வங்கிக் கணக்கு முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டதாக இருக்கவேண்டும், பான் ஆதாருடன் இணைந்திருக்கவேண்டும், வங்கியில் உள்ள பெயர் பானில் உள்ள பெயருடன் ஒத்துப்போகவேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி: பானில் அப்பா பெயர் விரிவாக, வங்கியில் ஒற்றை எழுத்து, இதனாலேயே சரிபார்ப்பு தோற்றுப்போகும். சம்பளக் கணக்கு மூடப்படுவதாக இருந்தால் வேறு கணக்கைக் கொடுங்கள்.

சமர்ப்பித்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்னுக்குச் சமம்.

ஐடிஆர்-1, 2 போடுபவர்களுக்குச் சாதாரணமாக ஜூலை 31 கெடு. தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம், ரீஃபண்டும் கிடைக்கும், ஆனால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000.

அனுப்பிய பிறகு

பெங்களூரில் உள்ள மையம் ரிட்டர்னைப் பரிசீலித்து 143(1) அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பும். நாம் போட்ட கணக்கு ஒரு பத்தியிலும் அவர்கள் போட்ட கணக்கு பக்கத்துப் பத்தியிலும் இருக்கும், ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பணம் பொதுவாக நாலைந்து வாரத்தில் வந்துவிடும். கெடுவுக்குள் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேரும். நம் 87,970 ரூபாய்க்காரருக்கு ஆகஸ்டில் வந்தால் சுமார் 2,200. ரீஃபண்டுக்கு வரி இல்லை, அந்த வட்டிக்கு உண்டு, அடுத்த ரிட்டர்னில் காட்டுங்கள்.

ரீஃபண்ட் தோல்வி என்று வந்தால் வங்கிக் கணக்கைச் சரிசெய்து, மறுபடி வழங்கும்படி அதே தளத்தில் கோரிக்கை கொடுக்கலாம். பழைய வருடத்து பாக்கி இருக்கிறது, அதில் கழித்துக்கொள்கிறோம் என்று 245 பிரிவில் அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் பதில் சொல்லுங்கள். பல சமயம் அந்தப் பாக்கியே தவறாக இருக்கும், பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒன்றுமே நகரவில்லை என்றால் தளத்தில் புகார் பதிவு செய்யலாம், 1800 103 0025 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

ரீஃபண்டை அதிகமாக்கித் தருகிறேன், வந்ததில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வருபவர்களை அண்டவிடாதீர்கள். அவர்கள் போடுவது பொய் நன்கொடை, பொய்க் காப்பீடு. 2025 ஜூலையில் நாடு முழுக்க இப்படிப்பட்ட ஏஜென்டுகளிடம் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. மாட்டினால் ஏய்த்த வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம், அது ஏஜென்டுக்கு இல்லை, உங்களுக்கு. ரீஃபண்ட் தயார், இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

முந்தைய வருடங்களில் விட்டுப்போனவர்கள்

டிசம்பர் 31ம் தாண்டிவிட்டால் வழக்கமான வழி மூடிவிடும். புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் என்ற ஐடிஆர்-யு ரீஃபண்ட் கேட்பதற்கு உதவாது. மீதியிருப்பது 119(2)(பி) பிரிவில் தாமத மன்னிப்பு விண்ணப்பம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடத்துக்குள் கொடுக்கலாம், 1 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை முதன்மை ஆணையரே முடிவு செய்வார். காலத்தில் போட முடியாததற்கு உண்மையான காரணம் வேண்டும், அதற்குத் தாள் வேண்டும்: மருத்துவமனை அறிக்கை, நிறுவனம் மூடிய செய்தி, படிவம் 16 கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள். மன்னிப்பு கிடைத்த பிறகு அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் போட்டு அந்த வருடத்து ரிட்டர்னைத் தாக்கல் செய்யவேண்டும். இந்த வழியில் வரும் பணத்துக்கு வட்டி கிடைக்காது, அசல் மட்டும்தான். 2020-21 நிதியாண்டில், கொரோனா நேரத்தில் வேலை போய் ரிட்டர்ன் போடாமல் விட்டவர்களுக்கு இந்த 5 வருடம் 2027 மார்ச் 31 அன்று முடிகிறது.